நன்றி சொல்லாத வீடு

எங்கள் வீட்டில் நன்றி என்பது கெட்ட வார்த்தை. மற்ற கெட்ட வார்த்தைகளை அவசரத்துக்கு நாங்கள் பயன்படுத்துவதுண்டு. இதை மட்டும் நாக்கில் ஏற்றுவதில்லை.

ஆரம்பித்து வைத்தவர் என் அப்பா. இந்தச் சலவைக் கடை அவர் போட்டது. மூட்டையோடு உள்ளே வருகிறவர்கள் "சீக்கிரம் குடுங்க", "கறை போகுமா போகாதா?", "போன தடவை பட்டனை முழுங்கிட்டீங்க" என்று சண்டை பிடிப்பார்கள். துவைத்த துணியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதும் "நன்றிங்க" என்பார்கள்; கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள். "நன்றின்னு சொல்றவன் கிளம்பறவன். வீட்டுல இருக்கிறவனுக்கு அது எதுக்கு?" என்பார் அப்பா. நான் மகளைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அழுது சிவந்த கண்ணோடு வாசலில் நின்றிருந்த அந்த மனுஷர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "ஒரு பிள்ளையைப் பெத்துட்டு வர இவ்வளவு நேரமா?" அதற்கு மேல் ஒரு வாழ்த்து எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆக, எங்கள் வீட்டில் யாராவது யாருக்காவது நல்லது செய்தால் அவர்களுக்குத் திட்டு விழும். மழையில் குடை கொண்டுவந்தால் "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" ஆசையாகப் புடவை வாங்கி வந்தால் "கண்ணை எங்க அடகு வெச்சுட்டு எடுத்தீங்க?" திட்டு எவ்வளவு நீளமோ, மனசு அவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பொருள். என் கணவர் வேறு வீட்டில் வளர்ந்தவர், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். கல்யாணமான புதிதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தாராம். இப்போது கடை வண்டியை ஓட்டிக்கொண்டு, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சிவனே என்று இருக்கிறார்.

இந்த வீட்டிலேயே வளர்ந்த என் அண்ணன்தான் கெட்டுப் போனான். அண்ணி வந்த பிறகு அவன் லிஃப்ட் கதவு திறந்தால்கூட நன்றி சொல்கிறான். அண்ணிக்கு நான் வைத்த பெயர் சர்க்கரை. அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றால் எறும்பு ஏறும்.

இனி, ஒரு சின்னப் பெண் எங்களிடம் வந்த கதையைச் சொல்கிறேன். ஊரில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துத் துணி எங்கள் கடைக்குத்தான் வரும். எல்லா ஷீட்டும் ஒரே நீலம், ஒரே அளவு, மூலையில் பெயருக்குப் பதிலாக நம்பர். ஒரு நாள் என் கணவர் அப்படி ஒரு ஷீட்டைக் கையில் பிடித்தபடி, "நம்ம வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு" என்றார். நான் "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றேன். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம். பிறகு விசாரித்தோம். பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகளை ஊருக்குள்ளேயே ஒரு குடும்பத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதிகாரி வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் இன்னொரு வருஷம் இருக்கலாம். இல்லையென்றால் பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

பத்து வயசுப் பெண், ஒரு துணிப்பையோடு வந்தாள். ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்தவள். தண்ணீர் கொடுத்தேன், "ரொம்ப நன்றி அத்தை" என்றாள். துண்டு கொடுத்தேன், நன்றி. விளக்குப் போட்டேன், நன்றி. குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது, தூக்கிப் போடணும் என்றேன், அதற்கும் நன்றி. எனக்குக் காது புளித்துவிட்டது. எவள் சொல்லிக்கொடுத்த பாடமோ, அந்தச் சொல்லை வாசல் காவல்காரனுக்குக் கொடுக்கிற லஞ்சம் மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவள் மேல் இல்லை, அப்படிப் பழக்கி வைத்தவர்கள் மேல். "இன்னொரு தடவை நன்றின்னு சொன்னே, உன்னைத் துணியோட துணியா மெஷின்ல போட்டு அலசிடுவேன்" என்றேன். "சரிங்க அத்தை, நன்றி" என்றாள்.

அது மாறியது ஷீட் மடிக்கும்போது. பெரிய ஷீட்டை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் வந்து அந்தப் பக்கம் நிற்பாள். ஒரு நாள் டெலிபோன் அடித்ததென்று நான் என் பக்கத்து மூலையைப் பட்டென்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி ஷீட், சலவை ஆன வெள்ளை, ஈரத் தரையில் போய் விழுந்தது.

"அத்தை! உங்களுக்குக் கண்ணு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கா? ஒரு மூலையைப் பிடிக்கத் தெரியல, கடை வேற வெச்சுட்டாங்க!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. என் கணவர் உலர்த்தும் மெஷினை நிறுத்திவிட்டார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் மகள் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ உடைந்து வெதுவெதுப்பாக ஓடியது. "ஓ, நீ பெரிய மேனேஜரோ? அப்ப நாளையிலேர்ந்து நீயே கடையைப் பாரு, நான் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கறேன்" என்று ஒரு மூச்சு கத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "முதல்ல இதைத் திரும்ப அலசணும். சும்மா பேசிக்கிட்டு நிக்காதீங்க" என்றாள். அன்றையிலிருந்து அவள் பெயர் மேனேஜர். அவளைக் கேட்டால்தான் கடையில் எதுவும் நடக்கும் என்கிற நிலைமை சீக்கிரமே வந்துவிட்டது.

வருஷம் முடிகிற நேரத்தில் சர்க்கரை கடைக்கு வந்தாள். வருகிறபோதே கவுண்டரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கையை வைத்தாள்.

அவளும் அவள் சிநேகிதிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக மேடையேறி, இந்த வருஷம் தங்களுக்குக் கிடைத்த நல்லதையெல்லாம் சொல்லி நன்றி தெரிவிக்கிற கூட்டம் ஒன்று நடத்துவார்கள். அதில் சேருகிற பணத்தை ஊரில் குடும்பங்களோடு இருக்கிற இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். கொடுக்கிறது நல்ல காரியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற பிள்ளைகளை வரிசையாக மேடையில் நிறுத்தி ஒவ்வொருவராக நன்றி சொல்ல வைப்பார்கள்.

"உங்க பொண்ணும் ரெண்டு வார்த்தை பேசட்டுமே. நான் எழுதியே குடுத்துடறேன்" என்றாள் அண்ணி.

"அவ ஒண்ணும் கண்காட்சிப் பொருள் இல்ல."

"கோவப்படாதீங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லலையா? பிள்ளைகளுக்கு நன்றி சொல்லப் பழக்கணும் இல்லையா?"

"நினைன்னுதான் சொன்னாங்க. மைக்கைப் பிடிச்சுச் சொல்லுன்னு சொல்லல."

அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது. "சரி, நேராவே சொல்லிடறேன். என் சிநேகிதி வீட்டுல பிள்ளை கிடையாது. தோட்டம் வெச்ச வீடு, ரெண்டு பேரும் அதிர்ந்து பேச மாட்டாங்க. அந்தப் பொண்ணை எங்களுக்குக் குடுங்கன்னு அதிகாரி அம்மாகிட்டக் கேட்டிருக்காங்க. அந்த அம்மா கூட்டத்துக்கு வர்றாங்க. உங்க வீட்டுல ஏதோ சரியா வளருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் நல்லது. இந்த மெஷின் சத்தத்துலயும் உங்க சத்தத்துலயும் ஒரு பிள்ளை வளரணும்னு என்ன தலையெழுத்து?"

நான் அவளை அப்படியே கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டிருப்பேன். ஆனால் "தோட்டம் வெச்ச வீடு" என்கிற சொல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. எங்கள் வீட்டில் செடி என்று சொன்னால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தானாக முளைத்த ஒன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். ஆயுசில் நான் அண்ணிக்குத் தலையாட்டியது அதுதான் முதல்.

கூட்டம் பெரிய ஹாலில் நடந்தது. அங்கே கட்டியிருந்த திரைச்சீலையெல்லாம் எங்கள் கடையில் வெளுத்ததுதான். அண்ணன் மேடையேறி, மனைவிக்கு நன்றி, பிள்ளைகளுக்கு நன்றி, புது வீட்டுக்கு நன்றி, ஆரோக்கியத்துக்கு நன்றி என்று கொட்டித் தீர்த்தான். பிடுங்கிப் போட்ட பல்லுக்கு நன்றி சொல்வது மட்டும்தான் பாக்கி. முன் வரிசையில் அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட மாதிரி முகம், எந்தப் பக்கமும் மடிப்பு விழாது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள், நன்றி சொன்னார்கள், கைதட்டு வாங்கினார்கள். எங்கள் மேனேஜர் கடைசியில் வந்தாள். சர்க்கரை எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. அதைப் பார்த்தாள். எங்களைத் தேடினாள். நாங்கள் நடு வரிசையில் இருந்தோம். சீட்டை மடித்து, மூலையோடு மூலை சேர்த்து இன்னொரு முறை மடித்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"எங்க அத்தைக்கு டீ போடத் தெரியாது" என்று ஆரம்பித்தாள். "ஒண்ணு சக்கரைத் தண்ணி, இல்லன்னா கஷாயம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நெத்திக்கு ஈரத்துணி வைக்கிறேன்னு தலகாணி, மெத்தை எல்லாத்தையும் நனைச்சுட்டாங்க. விடிய விடிய பக்கத்துலயே உக்காந்து குறட்டை விட்டாங்க, நான் எப்படித் தூங்கறது? மாமா வேணாம்னு சொன்னாலும் கேக்காம ஸ்கூல் வாசல் வரைக்கும் வண்டியில கொண்டாந்து விடறாரு. வண்டி பூரா அழுக்கு மூட்டை. என் மேல பினாயில் நாத்தம் அடிக்குது. நான் உள்ள போயி மறையற வரைக்கும் போகவும் மாட்டேங்கறாரு, ஹாரன் வேற அடிக்கிறாரு. அக்கா தலை வாரி விட்டா பாதி முடி சீப்போட வந்துடுது. இவங்களோட எல்லாம் எப்படித்தான் குப்பை கொட்டறதோ, எனக்குத் தெரியல."

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகள் என் கையை நெரித்தாள். இவ்வளவு நீளமான திட்டு எங்கள் வீட்டில் யாருக்குமே கிடைத்ததில்லை, எனக்கும் கிடைத்ததில்லை. பெருமை தாங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினோம். ஹாலில் எங்களைத் தவிர ஒருத்தரும் தட்டவில்லை.

சர்க்கரை ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, "குழந்தை பாவம், பயந்துட்டா" என்றாள். மேடைக்குக் கீழே அவள் சிநேகிதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜரை மகளோடு வண்டிக்கு அனுப்பிவிட்டு, தாழ்வாரத்தில் நான் அதிகாரி அம்மாவைப் பிடித்தேன். "மேடம், அது புகார் இல்ல. எங்க வீட்டுல அப்படித்தான் பேசிக்குவோம்."

"எங்க வீட்டுல அப்படித்தான்னு எல்லா வீட்டுலயும்தான்மா சொல்றாங்க" என்றார் அவர். "பிள்ளை முதுகுல அடிபட்ட தடிப்பைக் கண்டுபிடிச்ச வீட்டுலயும் அதையேதான் சொன்னாங்க. ஊர் முன்னாடி ஒரு குழந்தை இவங்களோட இருக்க முடியலன்னு சொல்லுது, நீங்க கை தட்டறீங்க. சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வர்றேன். அங்க இருக்கறதா, அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போறதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிடுவோம்."

அந்த அம்மா சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் எரிச்சல். பின்னாலேயே வந்த சர்க்கரை, "நுணலும் தன் வாயால் கெடும்னு இதைத்தான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு வேணும்னா சனிக்கிழமை வரைக்குமாவது வாயை அடக்குங்க" என்றாள். அவளிடமிருந்து அப்படி ஒரு யோசனை கேட்டுக்கொள்ள வேண்டி வந்ததே, அதுதான் எனக்குப் பெரிய அடி.

மறுநாள் மேனேஜர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து பேசினோம். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் மரியாதையாக இருந்தால் நாக்கு குழறும், இப்போதிலிருந்தே பழக வேண்டும் என்றாள் என் மகள். "பெரியவளே, சின்னவகிட்டயும் சொல்லிடலாமா?" என்று கணவர் கேட்டார். சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பிள்ளைக்கு நடிப்பு எதற்கு, அதிகாரி கேட்டால் உளறிவிடும், நாம் ஒழுங்காக இருந்தால் அதுவும் ஒழுங்காக இருந்துவிட்டுப் போகிறது. இப்படி ஒரு புத்திசாலித்தனம் வேறு எந்த வீட்டுக்கும் வந்திருக்காது.

அன்று சாயங்காலமே தொடங்கினோம்.

"கொஞ்சம் தண்ணி குடுக்கறியாம்மா? ரொம்ப நன்றி" என்றேன். எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மேனேஜர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாமா, ஆஸ்பத்திரி மூட்டையை ஹோட்டல் மூட்டையோட கலந்து வெச்சிருக்கீங்க. உங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தா?" என்று கணவரிடம் ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா. எடுத்துச் சொன்னதுக்கு நன்றி. இனிமே சரியா வைக்கிறேன்" என்றார் அவர்.

மூட்டைகளை அவளே பிரித்து அடுக்கினாள். மறுநாள் என் மகள் சீப்பை எடுத்து "வலிச்சா சொல்லுடா செல்லம்" என்றபோது, "பரவாயில்லக்கா, வலிக்கல" என்றாள். ஷீட் மடிக்கும்போது நான் வேண்டுமென்றே மூலையை ஒரு முறை நழுவ விட்டேன். எனக்கே அந்தத் திட்டுக்கு ஏக்கமாக இருந்தது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "பரவாயில்ல அத்தை" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டை நீட்டியபோது "நன்றி அத்தை" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். "பாத்தியா, தானாவே கத்துக்கிட்டா" என்று மகள் காதில் கிசுகிசுத்தாள். என் கணவர் மட்டும் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீடு வீடு மாதிரி இல்ல" என்றார். "ஒரு நாள் பொறுத்துக்குங்க, தயவுசெஞ்சு" என்றேன். தயவுசெய்து என்று நான் அவரிடம் சொன்னதும் அவர் பயந்துபோய் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அதிகாரி அம்மா வந்தார். கூடவே சர்க்கரை, புதுச் சட்டை ஒன்று இருந்த அட்டைப்பெட்டியோடு. "பொண்ணு என்னோட நல்லாப் பழகியிருக்கா, ஒருவேளை இன்னைக்கே கிளம்பறதா இருந்தா தனியா ஃபீல் பண்ணக் கூடாதில்லையா" என்றாள். கழுத்தை நெரிக்க வந்த கையால் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணி, வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றேன். பல்லுக்குப் பல் உரசியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

டீ கொடுத்தோம். நன்றி. பிஸ்கட் கொடுத்தோம். நன்றி, நன்றி. அதிகாரி அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "குழந்தை எங்க?" என்று கேட்டார்.

மேனேஜர் அறையிலிருந்து வந்தாள். வந்த அன்று போட்டிருந்த அதே சட்டை; இப்போது முழங்காலுக்கு மேலே ஏறி, தோளில் இறுக்கிப் பிடித்தது. கையில் அந்தத் துணிப்பை. பின்னால் திறந்திருந்த கதவு வழியே அவள் கட்டில் தெரிந்தது. நாங்கள் வாங்கிக் கொடுத்த துணி, செருப்பு, என் மகள் அவளுக்குத் தலை வாரிவிடுகிற சீப்பு, எல்லாம் கட்டில் மேல் அடுக்கி இருந்தது. ஷீட்டைக்கூட உருவி மடித்து வைத்திருந்தாள், மூலையோடு மூலை பிசகாமல். அந்தப் பெரிய ஷீட்டை அவள் தனியாக எப்படி மடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் முன்னால் வந்து நின்றாள். "அத்தை, இத்தனை நாள் என்னை வெச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றி. மாமாவுக்கும் நன்றி. அக்காவுக்கும் நன்றி" என்று ஒப்பித்தாள்.

அதிகாரி அம்மா டீயைக் கீழே வைத்தார். "எங்கம்மா கிளம்பிட்டே?"

"நீங்க கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போன வீட்டுலயும் இப்படித்தான். அதுக்கு முந்தின வீட்டுலயும். கடைசி ரெண்டு மூணு நாள் எல்லாரும் ரொம்ப நல்லா பேசுவாங்க."

"பாத்தீங்களா, குழந்தைக்கே போகணும்னு இருக்கு" என்றாள் சர்க்கரை. "வா கண்ணு, உனக்காகத் தோட்டம் வெச்ச ஒரு வீடு..."

எனக்குள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பிய்த்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இதுதான். எதை வெளியே போகாமல் பிடிக்கப் பார்த்தோமோ அதை நாங்களே வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறோம். என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் முழுவதும் மேனேஜர் மேல் விழுந்தது.

"ஏண்டி, உனக்கு மூளை இருக்கா இல்ல அதையும் மடிச்சுப் பையில வெச்சுட்டியா? எவடி சொன்னா உன்னை அனுப்பறேன்னு? யாரைக் கேட்டுப் பையைத் தூக்கினே? பெரிய மனுஷி, நன்றி சொல்ல வந்துட்டா! நீ போயிட்டா ஷீட்டோட அந்த மூலையை எவ பிடிப்பா? இந்த மனுஷரா? இவர் மடிச்சா அது மூட்டை! இந்த நாலு நாளா என் நாக்கு செத்துப் போச்சு, எல்லாம் யாருக்காக? கழட்டுடி அந்தச் சட்டையை, மூச்சு முட்டிச் சாகப் போறே!"

"அப்புறம் எதுக்கு எல்லாரும் நன்றி நன்றின்னு சொன்னீங்க?" என்று அவளும் கத்தினாள். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. பையைத் தூக்கித் தரையில் எறிந்தாள். "நான் மூட்டையைப் பத்திச் சொன்னா மாமா மன்னிச்சுக்கோங்கறாரு! அக்கா செல்லங்கறா! நீங்க தயவுசெஞ்சுங்கறீங்க! பயமா இருக்காதா? பெரியவங்கதானே நீங்க, உங்களுக்கு அறிவு வேணாம்?"

"வேணும்தான்!" என்று நானும் அழுதுகொண்டே கத்தினேன். "இருந்தா உன்கிட்டக் கேட்டுட்டுச் செஞ்சிருக்க மாட்டேனா?"

"டீ வேற! மேடத்துக்குப் போய் இந்த டீயையா குடுத்தீங்க? நான் இல்லாம யாரு உங்களை அடுப்புகிட்டப் போகச் சொன்னா?"

என் மகள் ஓடி வந்து, "ஏய், என் சீப்பை எதுக்குடி உன் துணி மேல வெச்சே? காலையிலேர்ந்து தேடறேன்" என்று அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்து இழுத்து அணைத்துக்கொண்டாள். கணவர் குனிந்து துணிப்பையை எடுத்து, கடைக்கு எடுத்து வைத்திருந்த அழுக்கு மூட்டைக்குள் போட்டுவிட்டார்.

சர்க்கரை எழுந்துவிட்டாள். "இதுக்கு மேல என்ன மேடம் பாக்கணும்? இதுதான் இவங்க."

அதிகாரி அம்மா மேனேஜரைப் பக்கத்தில் கூப்பிட்டார். முகத்தில் இப்போதும் மடிப்பில்லை. "இவங்க இப்படிக் கத்தறாங்களே, உனக்குப் பயமா இல்லையா?"

மேனேஜர் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "கத்தாம இருந்தாங்களே, அப்பத்தான் பயமா இருந்துச்சு."

அந்த அம்மா அவள் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கழுத்து, முதுகு எல்லாம் பார்த்தார். தனியாக அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். உள்ளேயிருந்து மேனேஜரின் குரல் விடாமல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. திட்டுகிற ராகம் மட்டும் தெரிந்தது. எனக்கு அந்த ராகம் போதும்.

கதவு திறந்தது. "இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்" என்றார் அதிகாரி அம்மா. "நான் நடுவுல சொல்லாம வருவேன். எப்ப வேணும்னாலும் வருவேன்."

"அப்ப சரி. ரொம்ப நன்றி மேடம்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுச் சர்க்கரை அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆயுசில் முதல் தடவையாக அந்தச் சொல் என் தொண்டை வரைக்கும் நிஜமாகவே வந்தது. நாக்கு அதைத் தொடவில்லை.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றேன்.

அதிகாரி அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கைப்பையை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் நன்றிங்கறதே கிடையாதாம்மா?" என்றார்.

மேனேஜர் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், அத்தை இப்பச் சொன்னாங்களே. அதுதான் அது."